கட்டிலோடு பற்றவைத்த பெட்டி

உங்கள் அறைச் சுவரில் நான்கு கட்டம் போட்ட ஒரு படத்தை ஒட்டியிருக்கிறீர்கள். போன வாரம் வந்தபோது பார்த்தேன். சின்ன வயதில் தாய் தகப்பன் எப்படி வைத்துக்கொண்டார்களோ, அதைப் பொறுத்து ஒரு மனுஷன் பெரியவனானதும் கட்டியவளிடம் எப்படி நடந்துகொள்வான் என்று கட்டம் கட்டமாகப் பிரித்து வண்ணம் வேறு அடித்திருக்கிறீர்கள். அழகாகத்தான் இருக்கிறது. கிழிக்கச் சொல்ல மாட்டேன். அதில் இருப்பதெல்லாம் உண்மையும்கூட. என்ன, வருகிறவர்களை அந்தக் கட்டத்துக்குள் உட்காரவைத்துவிட்டு நீங்கள் டீ குடிக்கப் போய்விடக் கூடாது. அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இந்தக் குடும்ப ஆலோசனை மையத்தில் தமிழ்க் குடும்பங்களுக்கென்று ஒரு மேசை போட்ட நாளிலிருந்து, ஓய்வு பெறும்வரை அதில் உட்கார்ந்திருந்தவள் நான். இதே ஊரில் கட்கியில், ஃபேக்டரி குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் வேலூர்த் தமிழ், பக்கத்து வீட்டில் இந்தி, கடையில் மராத்தி. புருஷன் பெண்டாட்டி சண்டையை மூன்று பாஷையிலும் கேட்டிருக்கிறேன். மூன்றிலும் ஒரே சண்டைதான்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய குளிர்காலத்தில் சேகர், வித்யா என்று ஒரு ஜோடி வந்தது. பெயர்களை மாற்றித்தான் சொல்கிறேன். சேகர் என்னைப் போலவே ஃபேக்டரி வீட்டுப் பிள்ளை. தாப்போடியில் சொந்தமாக வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். கேட், கட்டில், ஜன்னல் கிரில் எல்லாம் செய்வான். வித்யா, விமானப்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரின் மகள். ஔந்தில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை. லோஹேகாவில் இருந்த அவளுடைய அப்பா வீட்டு ஜன்னலுக்கு கிரில் போடப் போனவன், அவளைப் பார்த்து, பேசி, வீட்டார் சம்மதத்தோடு கட்டிக்கொண்டான். குடித்தனம் சாங்வியில்.

"கிரில் போட வந்தவன லவ் பண்ணினேன்ல ஆன்ட்டி, அதான் கம்பிக்குள்ள இருக்கேன்" என்றாள் வித்யா, வந்து உட்கார்ந்ததும். தமிழ் அவளுக்குச் சற்று யோசித்துத்தான் வரும். கோபம் வந்தால் மட்டும் கடகடவென்று வந்துவிடும்.

அவள் சொன்ன குற்றப்பத்திரிகையைக் கேளுங்கள். சேகர் குளிக்கப் போனால், தண்ணீர் ஊற்றுவதை நடுவில் நிறுத்திவிட்டு உள்ளேயிருந்து, "வித்யா, இருக்கியா?" என்று கத்துவானாம். இவள் "இருக்கேன்" என்று பதில் சொல்ல வேண்டும். சொன்னால்தான் மறுபடியும் தண்ணீர் விழும். ஒருநாள் இவள் பல் விளக்கிக்கொண்டிருந்ததால் பதில் சொல்லவில்லை. தலை முழுக்க நுரையோடு ஓடிவந்து கூடத்தில் நின்றிருக்கிறான். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆள் அப்போது கூடத்தில்தான் இருந்தார். அவர் சிலிண்டரை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போனாராம்.

ஸ்கூட்டரில் போனால் இன்னும் மோசம். பின்னால் உட்கார்ந்திருப்பவள் முகம் தெரிகிற மாதிரி இரண்டு கண்ணாடிகளையும் திருப்பி வைத்திருந்தான். சாலை தெரியாது, பெண்டாட்டி தெரிவாள். அப்படியே போய் ஒரு ரிக்‌ஷாவின் பின்னால் முட்டியிருக்கிறான். ரிக்‌ஷாக்காரர் இறங்கிவந்து திட்டும்போதும், முதலில் திரும்பி இவள் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் அவரிடம் மன்னிப்புக் கேட்டானாம்.

"அரே, வுழுந்து கெடந்தா இன்னா பண்றது மேடம்? பாக்கத்தானே செய்யணும்?" என்றான் சேகர்.

அவனிடமும் ஒரு புகார் இருந்தது. வித்யா ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டியோடு வாழ வந்திருந்தாள். விமானப்படைக் குடும்பங்களில் பார்த்திருப்பீர்களே, வெள்ளைப் பெயிண்டில் அப்பா பெயரும் நம்பரும் எழுதிய இரும்புப் பெட்டி. சேகர் அவளுக்காகத் தன் கையால் ஓர் இரும்பு அலமாரி செய்து, மயில் நீலத்தில் பெயிண்ட் அடித்து நிறுத்தியிருந்தான். அது கல்யாணத்திலிருந்து காலியாகவே நின்றது. வித்யா காலையில் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுப்பாள், துணியை எடுப்பாள், பெட்டியை உள்ளே தள்ளுவாள். ஓட்டலில் தங்கியிருப்பவர் மாதிரி.

"செவுத்துல ஒரு ஆணி அடிக்க வுட மாட்றா மேடம். காலண்டர் பிரிஜ் மேல படுத்துனு கீது. எப்ப வேணா கெளம்பிப் போற பொம்பளையாட்டம் இருந்தா நான் எப்படிக் குளிப்பேன்? சொல்லுங்க!"

இரண்டு பேரும் ஃபோனில் ஏதோ வினாடி வினா போட்டுப் பார்த்திருந்தார்கள். உங்கள் நான்கு கட்டத்தின் தங்கச்சி அது. அவள் அவனை "ஒட்டிக்கிற டைப்" என்றாள். அவன் அவளை "வெலகிப் போற டைப்" என்றான். சந்தையில் மாட்டுக்கு ஜாதி சொல்வதுபோல மாறி மாறிச் சொன்னார்கள். நான் ஃபோனை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, சின்ன வயதில் யார் வளர்த்தார்கள், எங்கே வளர்ந்தீர்கள் என்று கேட்டேன்.

சேகரின் அம்மா வீட்டு வேலைக்குப் போனவர். அப்பாவுக்கு ஷிப்ட். பையனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டும், ஆனால் அவன் கட்டிக்கொண்டு அழுவான். அந்த அம்மாவுக்குத் தெரிந்த ஒரே வழி, "தோ பாரு, கூட்ஸு வண்டி வருது" என்று அவனை ரயில் பாதைப் பக்கம் திருப்பி நிறுத்திவிட்டு நழுவிவிடுவது. பையன் பெட்டிகளை எண்ணி முடித்துத் திரும்பினால் அம்மா இருக்க மாட்டாள். சாயங்காலம் வந்துவிடுவாள், அதில் சந்தேகமில்லை. ஆனால் போகும்போது சொல்லிவிட்டுப் போனதேயில்லை. "இன்னைக்கும் கூட்ஸு வண்டி சத்தம் கேட்டா ஒடனே திரும்பிப் பாத்துடுவேன் மேடம்" என்றான். வித்யா அதை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டாளாம். ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள்.

அவள் கதை வேறு. ஜோத்பூர், தாம்பரம், அஸ்ஸாம் பக்கம் ஏதோ ஓர் ஊர், கடைசியில் லோஹேகாவ். ஒவ்வோர் ஊரிலும் ஒரு சிநேகிதி கிடைப்பாள். அப்பாவுக்கு மாற்றல் உத்தரவு வரும். சிநேகிதி வாசலில் நின்று அழுவாள். லாரி கிளம்பிவிடும். "எங்கம்மா சுவத்துல ஆணி அடிக்க விடமாட்டா. மத்லப், அதாவது அடிச்சா பிடுங்கணும்ல, ஓட்டை விழும். எதுக்கு?" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரு குழந்தைக்கு உலகத்தில் இருப்பது ஒரே ஒரு கேள்வி: போனவர்கள் திரும்பி வருவார்களா? அந்த வயதில் கிடைக்கிற பதிலை வைத்துக்கொண்டுதான் அப்புறம் காதலிக்கிறோம், கட்டிக்கொள்கிறோம், சண்டை போடுகிறோம். திரும்பினால் ஆள் இருக்காது என்பது சேகர் கற்ற பாடம். அதனால் பிடித்துக்கொண்டான். யாரிடம் ஒட்டினாலும் ஒருநாள் பிய்த்துக்கொண்டு போகத்தான் வேண்டும் என்பது வித்யா கற்றது. அதனால் மூட்டையைப் பிரிக்கவே இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே பயம்தான். அவன் பிடிக்கப் பிடிக்க அவள் பெட்டி பக்கம் போனாள், அவள் பெட்டி பக்கம் போகப் போக அவன் இன்னும் இறுக்கிப் பிடித்தான். இதைக் கட்டம் போடாமலே என்னால் சொல்ல முடிந்தது, ஆனால் சொல்லிவிட்டதால் ஒன்றும் நடந்துவிடவில்லை.

அன்று வித்யா, பிரிந்துவிட வேண்டும் என்று தெளிவாகவே சொன்னாள். இன்னும் ஒரு சந்திப்பு, அதிலும் சரிப்படாவிட்டால் வக்கீலைப் பார்க்கப் போகிறேன் என்றாள். சேகர் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அவளைத் தவிர வேறு யாருமில்லை. அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அடுத்த சந்திப்புவரை அவன் "இருக்கியா" என்று கேட்கக் கூடாது, அவள் பின்னாலேயே போகக் கூடாது என்று அவனிடம் வாக்கு வாங்கினேன். "கசம் மேடம், கேக்க மாட்டேன்" என்று தொண்டையைக் கிள்ளிச் சத்தியம் செய்தான். நல்ல யோசனைதான் அது. இப்போதும் அதையே சொல்வேன். பிறகு நம் மையத்தின் வழக்கப்படி, சண்டைக்குக் காரணமான ஏதாவது ஒரு பொருளை அடுத்த முறை ஆளுக்கொன்று கொண்டுவாருங்கள் என்றேன். வழக்கமாக எதைக் கொண்டுவருவார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஃபோன், மாமியார் கொடுத்த குத்துவிளக்கு, ஒற்றைச் செருப்பு. ஒருவர் உப்பு அதிகமான சாம்பாரையே டப்பாவில் கொண்டுவந்தார்.

வித்யா கட்டிலைக் கொண்டுவந்தாள்.

அன்று காலை நான் மாடியில் இருந்தேன். கீழே ஒரு டெம்போ வந்து நிற்கும் சத்தம், பிறகு படிக்கட்டில் "இகடே, இகடே! சம்பாள்கே!" என்று வழி சொல்லும் சுமையாட்களின் கூச்சல். எட்டிப் பார்த்தால், ஆளுயர இரும்புக் கட்டில் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்தபடி மேலே வந்துகொண்டிருந்தது. அதன் வயிற்றில் கறுப்பு டிரங்குப் பெட்டி. கட்டிய மாதிரித் தெரியவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தேன். பெட்டியின் இரண்டு பக்கக் கைப்பிடிகளையும் கட்டில் காலோடு சேர்த்து வெல்டிங் செய்திருந்தது. நல்ல வேலை. பிசிறு இல்லாமல் அரத்தால் தேய்த்து, மேலே கறுப்புப் பெயிண்டும் அடித்திருந்தான்.

"பாருங்க ஆன்ட்டி" என்றாள் கட்டிலுக்கு முன்னால் ஏறிவந்த வித்யா. "நான் ஆபீஸ் போயிட்டு சாங்வி வீட்டுக்கு வரேன், இது இப்படி இருக்கு! மூடி கட்டில்ல இடிக்குது, திறக்கவே முடியல. வெளியில காயப்போட்டிருந்த துணியத்தான் மாத்தி மாத்திப் போடுறேன். ஆபீஸ்ல எல்லாரும் ஏதாவது வேண்டுதலான்னு கேக்குறாங்க!"

நம் படிக்கட்டு நடுவில் திரும்புகிற இடம் எவ்வளவு குறுகல் என்று உங்களுக்குத் தெரியும். கட்டில் அங்கே வந்து சிக்கிக்கொண்டது. ஒரு கால் கைப்பிடிக் கம்பிக்குள் நுழைந்துவிட்டது, இன்னொரு மூலை சுவரில் குத்தி நின்றது. சுமையாட்கள் முன்னால் தள்ளினார்கள், பின்னால் இழுத்தார்கள், கட்டிலின் அம்மாவையும் அக்காவையும் மராத்தியில் விசாரித்தார்கள், பிறகு அடியில் தவழ்ந்து கீழே போய், "சாய் குடிச்சிட்டு வரோம்" என்று மறைந்துவிட்டார்கள். தவழாமல் மேலே இருப்பவர்கள் கீழே போக முடியாது, கீழே இருப்பவர்கள் மேலே வர முடியாது.

அந்த நேரம் பார்த்து சேகர் ஹெல்மெட்டோடு வந்து சேர்ந்தான். அவன் கட்டிலுக்கு அந்தப் பக்கம், கீழ்ப் படியில். வித்யாவும் நானும் இந்தப் பக்கம், மேல் படியில். பெட்டிக்கும் கட்டில் பட்டைக்கும் இடையில் இருந்த சந்தில் அவன் முகம் தெரிந்தது.

"ஏன்டாப்பா, ஏன் இப்படிப் பண்ணினே?" என்று கேட்டேன்.

"நீங்கதானே மேடம் கேக்கக் கூடாதுன்னீங்க?" என்றான், ரொம்ப நியாயமாக. "நான் ஒரு தபா கூட கேக்கல. நீங்களே கேட்டுப் பாருங்க அவள. பின்னாடியும் போவல. பெட்டி எங்கயும் போவாதுன்னு தெரிஞ்சா எனுக்கு கேக்க வேண்டிய அவசியமே இல்லல்ல?"

வித்யாவைப் பார்த்தேன். "கேக்கலதான்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "நிம்மதியா குளிக்கறான். பாட்டு வேற பாடறான்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீங்கள் அப்படிச் செய்யக் கூடாது. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இருமுவதுபோல் சமாளித்தேன்.

இதற்குள் மேலே ஒரே களேபரம். அப்போது மையத்துக்குப் பொறுப்பாக இருந்த மராத்தி அம்மாளுக்கு ஊருக்குள் ஒரு கூட்டத்துக்குப் போக வேண்டும். படியில் நின்று கட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது என்ன?" என்று இந்தியில் கேட்டார். "சண்டைக்குக் காரணமான பொருள்" என்றேன். "நாளைக்கு வீட்டையே கொண்டுவரச் சொல்லு!" என்றார். உள்ளே அன்றைக்குப் பிரிந்தே தீருவோம் என்று வந்திருந்த வேறொரு ஜோடி, வெளியே போக வழியில்லாமல் ஒரே டப்பாவைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்திருந்தது. அவர்கள் வழக்கு அன்றோடு சரி.

பொறுப்பாளரம்மா சொன்னதில் தப்பே இல்லை. பக்கத்திலேயே ஆலந்தி ரோட்டில் எத்தனையோ பட்டறை. ஓர் ஆளைக் கூப்பிட்டால் வந்து இரண்டு இடத்தில் அறுத்துவிட்டுப் போவான், படி விட்டுவிடும். வித்யாவும் அதையேதான் கேட்டாள். "யாரையாவது கூப்பிடுங்க ஆன்ட்டி. அறுத்துட்டா நான் பெட்டிய எடுத்துட்டு லோஹேகாவ் போறேன். டெம்போவ அதுக்குத்தான் நிக்க வெச்சிருக்கேன்." பொறுப்பாளரம்மா ஃபோனை எடுத்து எண்ணைத் தேடவே ஆரம்பித்துவிட்டார்.

நான் அவர் கையைப் பிடித்தேன். "வேண்டாம். வெளி ஆள் வேண்டாம்" என்றேன். "ஏன்?" என்றார். ஏனென்று விளக்கமாகச் சொல்ல எனக்கு அந்த நேரத்தில் வரவில்லை. அவனைத் திருப்பி நிறுத்திவிட்டு நழுவினவர்கள் போதும், அவன் கண்ணெதிரே, அவன் கையாலே நடக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. யார் சொல்வது சரி என்பதைவிட, செய்ய வேண்டியதை யார் கையால் செய்ய வைப்பது என்பதுதான் நம் வேலையில் பெரிய முடிவு. பின்னால் ஆட்கள் கத்திக்கொண்டிருக்கும்போது அந்த முடிவை எடுக்க வேண்டியிருக்கும், பழகிக்கொள்ளுங்கள். "எனக்குக் கொஞ்ச நேரம் கொடுங்கள்" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு மேலே போனார்.

படியில் உட்கார்ந்தேன். "சேகர், கிரைண்டர் இருக்கா?"

"டிக்கில இருக்கு. எப்பவும் இருக்கும்."

"நீயே அறுத்துடு."

"முடியாது மேடம்" என்றான். "அறுத்தா போயிடுவா. இப்பவே டெம்போ நிக்குது. கையால வெல்டிங் பண்ணத நானே அறுத்து, நானே அனுப்பி வெக்கணுமா? இன்னொருத்தன் அறுக்கட்டும். நான் அந்தாண்ட திரும்பிக்கறேன்."

அந்தாண்ட திரும்பிக்கொள்கிறானாம்! எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இவ்வளவு பயப்படறியே, அந்தப் பெட்டிக்குள்ள அப்படி என்னதான்டா இருக்கு?" என்று கேட்டேன்.

"தெரியாது."

"தெரியாதா? கல்யாணமானதுலேருந்து கட்டிலுக்கு அடியில கிடக்குது, ஒரு தடவை கூடத் திறந்து பாக்கலியா?"

"இல்ல. பாத்தா தெரிஞ்சிடுமே" என்றான். "போறதுக்கு எல்லாம் ரெடியா மடிச்சு வெச்சிருப்பா. அத வேற எதுக்குக் கண்ணால பாக்கணும்? அதுவுமில்லாம பூட்டியிருப்பா."

அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த வித்யா திரும்பினாள். "பூட்டா? என்ன பூட்டு? அதுக்குப் பூட்டே கிடையாது சேகர். கொண்டை ஊசி சொருகி வெச்சிருக்கேன். அவ்வளவுதான்!"

"பூட்டில்லயா?"

"கொண்டை ஊசி!" என்று கத்தினாள். "ஒரு கொண்டை ஊசிய எடுக்கறத விட்டுட்டு வெல்டிங் வெச்சிருக்கியே, லூசா நீ?"

பிறகு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் கீழே போனது. ஓடிவிட்டானோ என்று எனக்கே சந்தேகம். கிரைண்டரோடு திரும்பி வந்தான். "பவர் வோணும்" என்றான். நம் அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயரை நான் இழுத்துவந்தேன். அதைக் கட்டிலின் சந்து வழியாக அவனிடம் நீட்டியது வித்யாதான்.

கட்டிலுக்கு அடியில் மல்லாந்து படுத்துப் புகுந்து, அவன் முதல் கைப்பிடியை அறுத்தான். நெருப்புப் பொறி படியெல்லாம் பறந்தது. "தள்ளி நில்லு வித்யா" என்றான். "நான் பிடிக்கலேன்னா பெட்டி உன் தலையிலதான் விழும், பேசாம அறு" என்றாள் அவள். துப்பட்டாவைக் கையில் சுற்றிக்கொண்டு பெட்டியைத் தாங்கிப் பிடித்திருந்தாள். இரண்டாவது கைப்பிடியும் அறுந்தது. பெட்டி ஒரு குலுங்கு குலுங்கியது, கொண்டை ஊசி எங்கோ தெறித்தது, மூடி வாயைப் பிளந்துகொண்டது. உள்ளே இருந்ததெல்லாம் சரிந்து அவன் மேலேயே கொட்டியது.

முதலில் விழுந்தது ஒரு பழுப்பு ஸ்வெட்டர். சேகர் அதை முகத்திலிருந்து எடுத்துப் பார்த்தான். எழுந்து உட்கார்ந்தான். "இது என்னுது" என்றான். இன்னொன்றை எடுத்தான். "இதுவும் என்னுது." ஐ.டி.ஐ. சான்றிதழ், பிளாஸ்டிக் உறை போட்டது. அவன் பள்ளிக்கூடத்துக் குரூப் ஃபோட்டோ. பட்டறை திறந்த அன்று போட்டிருந்த சட்டை, காலரில் மஞ்சள் கறையோடு. பல் உடைந்த ஒரு சீப்பு. அவன் அம்மாவின் ஃபோட்டோ ஒன்று, அதைப் பழைய பனியனில் சுற்றி வைத்திருந்தது. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தபோது தொலைந்துவிட்டதாக நினைத்து அவன் அழுத ஃபோட்டோ அது. வித்யாவின் துணிகள் என்று பார்த்தால் மேலாக நாலைந்து சுடிதார்கள், அவ்வளவுதான்.

"போன வருஷம் குளுரு பூரா நடுங்கிக்கினு வேலைக்குப் போனேன்டி! ஸ்வெட்டர எங்கன்னு எத்தினி தபா கேட்டேன்? திருடி வெச்சிருக்கே நீ!" என்று கத்தினான். உண்மையிலேயே கோபம்.

"திருடல!" என்று அவளும் கத்தினாள். "பெட்டில வெச்சேன்!"

"எதுக்கு?"

"எதுக்குன்னா? வெக்கணும்ல?" அவளுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "திடீர்னு காலி பண்ணச் சொன்னா என்ன பண்ணுவே? எங்க வீட்ல அப்படித்தான். கூட வர வேண்டியது பெட்டில இருக்கும். வெளியில இருக்கறத குவார்ட்டர்ஸ்லயே விட்டுட்டுப் போயிடுவோம். உன்னோடத வெளியில விட்டு வெப்பேனா?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே காதில் விழுந்திருக்க வேண்டும். முகம் சிவந்துபோனது. சேகர் அந்தப் பனியன் சுற்றிய ஃபோட்டோவை மடியில் வைத்துக்கொண்டு, கட்டிலுக்கு அடியிலேயே உட்கார்ந்து, வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. இருமி மறைக்கவெல்லாம் முடியவில்லை, அப்படியே அழுதேன்.

இதோடு எல்லாம் சுபம் என்று நினைத்தீர்களானால் உங்களுக்கு இந்த வேலையில் இன்னும் கொஞ்சம் காலம் ஆக வேண்டும். மூட்டையைப் பிரிக்காமல் வாழ்கிறவர்களுக்கு, உள்ளே இருப்பதை யாராவது பார்த்துவிட்டால் அவமானமாகிவிடும். வித்யா விறுவிறுவென்று எல்லாவற்றையும் வாரினாள். "போதும். டெம்போ நிக்குது. நான் அம்மா வீட்டுக்குப் போறேன்" என்றாள். நான் சேகரைத்தான் பார்த்தேன். இப்போது அவன் அவள் கையைப் பிடித்தால், காலில் விழுந்தால், "போகாதே" என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் போயே விடுவாள் என்று எனக்குத் தெரியும். அதை அவனுக்கு எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அவன் ஸ்வெட்டரை மடித்தான். சரியாக மடிக்கத் தெரியவில்லை, சுருட்டினான். பெட்டிக்குள் வைத்தான். சான்றிதழ், சட்டை, சீப்பு, ஒவ்வொன்றாக வைத்தான். அம்மா ஃபோட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தான். "இதையும் எடுத்துனு போறியா?" என்று கேட்டான்.

"பெட்டில இருந்தது பெட்டிலதான்" என்றாள் அவள், அவனைப் பார்க்காமல்.

அதையும் வைத்து மூடினான். ஊசி காணோம். என் கொண்டையிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தேன். பெட்டி விடுபட்டதும் கட்டில் லேசாகிவிட்டது. ஓரமாகச் சாய்த்து வழி விட்டோம். பொறுப்பாளரம்மா "தேவா!" என்று மூச்சு விட்டபடி முதல் ஆளாய் இறங்கிப் போனார். கைப்பிடி அறுந்த பெட்டியை ஆளுக்கொரு பக்கம் அடியில் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டு இவர்கள் இறங்கினார்கள். நான் பின்னாலேயே போனேன்.

டெம்போவின் பின்பக்கம் பெட்டியை ஏற்றினார்கள். "கட்டில்?" என்று கேட்டார் டிரைவர். "கட்டில் வேண்டாம்" என்றாள் வித்யா. அது நம்மிடமே இருந்துவிட்டது, பின் அறையில் நீங்கள் மதியம் டப்பா பிரித்து உட்காருகிறீர்களே, அந்தக் கட்டில்தான். வித்யா டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். டிரைவர் வண்டியை ஸ்டார்ட் செய்தார். "லோஹேகாவ்தானே மேடம்?" என்று இந்தியில் கேட்டார்.

டிரைவர் காத்திருந்தார். பின்னாலிருந்து ஒரு ரிக்‌ஷா ஹாரன் அடித்தது. சேகர் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தான். பின்னால் போக மாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்தானே, அதனால் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. முகத்தையும் திருப்பிக்கொள்ளவில்லை. கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே நின்றான்.

"சாங்வி" என்றாள் வித்யா.

டிரைவர் கியரைப் போட்டார். சேகர் அப்போதும் நகரவில்லை. அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அவனை ஒரு முறை முறைத்தாள்.

"என்ன பாத்துட்டு நிக்கறே? பெட்டிக்குத்தான் கைப்பிடி இல்லைல்ல. பின்னாடி ஏறு, ஏறிப் பிடிச்சுக்கோ."

"பிடிச்சுக்கவா?" என்று அவன் என்னைப் பார்த்துக் கேட்டான்.

"என்னை ஏன்டா கேக்கறே?" என்றேன்.

"கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்றாள் அவள்.